பச்சைக்கு ரெண்டு முடிச்சு

ரேணுகாம்பாள்: ஏங்க… அரிசி மூட்டை எதுக்குங்க தறிக்குழிக்குள்ள உக்காந்துக்கினு இருக்குது?

ஆதிகேசவன்: எந்த அரிசி மூட்டை?

ரேணுகாம்பாள்: நமக்கு எத்தினி அரிசி மூட்டை இருக்குது? ஒண்ணுதான். அது குழியில எறங்கி கால நீட்டிக்கினு இருக்குது, பொடவை நெய்யப் போறாப்பல.

ஆதிகேசவன்: ஓ… அதுவா. வண்டியிலேர்ந்து எறக்கினேனா… கை வலிச்சுது. அங்க வெச்சேன்.

ரேணுகாம்பாள்: கை வலிச்சா வாசல்ல வெப்பாங்க. நீங்க கூடத்தைத் தாண்டி, சமையக்கட்டைத் தாண்டி, தறி ரூம்பு வரைக்கும் தூக்கிக்கினு போயி கை வலிச்சிருக்கீங்க.

ஆதிகேசவன்: புது வீடுல்ல… வழி பிடிபடல.

ரேணுகாம்பாள்: மூணு ரூம்பு வீட்டுலயா?

ஆதிகேசவன்: இப்ப இன்னா, அரிசியை எடுத்து வெக்கணும், அவ்ளோதானே?

ரேணுகாம்பாள்: அரிசி மட்டுமா? வந்து பாருங்க. புளிப் பானை தறிக்குழி ஓரத்துல. மொளகாத்தூள் டின்னு நாடாப் பொட்டி பக்கத்துல. அம்மிக் குழவி… ஐயோ, அம்மிக் குழவி ஜரிகைப் பொட்டி மேல குந்திக்கினு இருக்குது.

ஆதிகேசவன்: அது கொஞ்சம் அவசரத்துல…

ரேணுகாம்பாள்: காலையில எத்தினி தடவை சொன்னேன்? ஒவ்வொரு மூட்டைக்கும் கழிவுப் பட்டு நூல் கட்டியிருக்கேன். மஞ்ச நூல் சாமி அறை. அரக்கு நூல் சமையக்கட்டு. பச்சை நூல் தறி ரூம்பு. நூலைப் பாருங்க, அந்தந்த ரூம்புல வையுங்கன்னு சொன்னேனா இல்லியா?

ஆதிகேசவன்: சொன்னே.

ரேணுகாம்பாள்: நூலைப் பாத்தீங்களா?

ஆதிகேசவன்: பாக்காம? ஒவ்வொண்ணா பாத்துத்தான் வெச்சேன்.

ரேணுகாம்பாள்: நல்லாப் பாத்தீங்களா?

ஆதிகேசவன்: நீ இன்னா போலீசு மாதிரி கேக்குறே? ரெண்டு தெரு தள்ளிக் குடி போறோம். அதுக்கு இன்னாமோ ராஜா படையெடுத்துப் போறாப்பல நூலு, கலரு, மூட்டைன்னு…

ரேணுகாம்பாள்: பக்கத்துல போறதுதாங்க மோசம். பட்டணத்துக்குப் போறவங்க எல்லாத்தையும் ஒழுங்காக் கட்டிடுவாங்க. பக்கத்துலதானேன்னு நெனைச்சவங்க கதி இன்னா ஆச்சு? பெரியநாயகி அக்காவைப் பாத்தீங்கல்ல. "அடுத்த தெருதானே"ன்னு கையில ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கினு போச்சு. மூணு மாசத்துக்கு தோசைக்கல்லு புது வீட்டுல, தோசைத் திருப்பி பழைய வீட்டுல.

ஆதிகேசவன்: அதுக்குத்தான் அந்த வீட்டுக்காரர் கரண்டியால திருப்பிப் போட்டு சாப்பிட்டாரு. செத்தா போயிட்டாரு?

ரேணுகாம்பாள்: அந்த அக்கா அரிவாமனையைத் தேடிக்கினு நம்ம வீடு வரைக்கும் வந்துச்சு. எனக்கு அந்தப் பொழப்பு வேணாம். ஒண்ணே ஒண்ணுதான் நீங்க சரியா வெச்சிருக்கீங்க.

ஆதிகேசவன்: பாத்தியா? எது?

ரேணுகாம்பாள்: எங்கப்பா படம். சாமி படத்துக்கும் முன்னாடி, மொதல் நடையிலயே மாரோட அணைச்சிக்கினு கொண்டாந்து ஆணி அடிச்சி மாட்டிட்டீங்க. செத்துப்போன மாமனாருக்கு இந்த ஊர்ல எந்த மாப்பிள்ளை இத்தினி மரியாதை பண்றான்?

ஆதிகேசவன்: அவரு… பெரிய மனுசன். எனக்கு எவ்ளோ நல்லது பண்ணியிருக்காரு, உனக்குத் தெரியாது.

ரேணுகாம்பாள்: இன்னா பண்ணாரு? தலை தீபாவளிக்கு மோதிரம் போடறேன்னாரு, அதுவும் போடல.

ஆதிகேசவன்: அதை விடு. சாயப்பட்டறைக்காரர்னா அவரு மாதிரி இருக்கணும். அவ்ளோதான் சொல்லுவேன்.

ரேணுகாம்பாள்: சரி சரி. கண்ணு கலங்காதீங்க. பால் பொங்க வெக்கிற வெங்கலப் பானை எங்க?

ஆதிகேசவன்: எந்த மூட்டையில வெச்சே?

ரேணுகாம்பாள்: அரக்கு நூல் கட்டின சின்ன சாக்கு.

ஆதிகேசவன்: அரக்கு… ம்ம். இங்கதான் எங்கயோ இருக்கும்.

ரேணுகாம்பாள்: "எங்கயோ"ன்னா எப்படிங்க? பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள பால் பொங்கணும். பொன்னு கெடைச்சாலும் புதன் கெடைக்காது. இந்தப் புதனை வுட்டா ஆனி பொறந்துடும். ஆனியில குடி போகக் கூடாது, ஆடியில போகவே கூடாது. ஆவணி வரைக்கும் எங்க இருப்போம்? பழைய வீட்டுக்காரர் நாளைக்கே சாவி கேட்டுட்டாரு.

ஆதிகேசவன்: எல்லாம் எடுத்துடலாம். பதறாத.

ரேணுகாம்பாள்: நான் தேவகி வீட்டுல பால் சொல்லி வெச்சிருக்கேன், வாங்கிக்கினு வரேன். பாய் வண்டி வந்தா சாமான் எறக்குங்க. அதுக்குள்ள பானையைத் தேடி அடுப்பு பக்கத்துல வையுங்க. அரக்கு நூலு. தெரியுதுல்ல?

ஆதிகேசவன்: தெரியுது, தெரியுது… போ.

*

ஃபக்ருதீன்: கேசவா, சாமான் மலையில பாதி வந்தாச்சு. இத்த எங்க எறக்கட்டும்?

ஆதிகேசவன்: உஷ்… பாய், மொதல்ல உள்ள வா. அவ போயிட்டாளா பாத்தியா?

ஃபக்ருதீன்: தங்கச்சி சொம்பைத் தூக்கிக்கினு பக்கத்து வீட்டுக்குப் போச்சு. இன்னா, திருட்டுப் பய மாதிரி முழிக்கிறே?

ஆதிகேசவன்: இந்த மூட்டையில இன்னா நூல் கட்டியிருக்குது, சொல்லு.

ஃபக்ருதீன்: நீ பட்டு நெய்யுறவன். நான் வண்டி இழுக்கறவன். எங்கிட்ட கேக்குறே.

ஆதிகேசவன்: வெளயாடாத பாய். என் கண்ணு சமாச்சாரம் உனக்குத் தெரியாதா?

ஃபக்ருதீன்: தெரியாம? சின்ன வயசுல கோவைப்பழம் பறிக்கப் போனா நீ மட்டும் மடி நெறையா காயைப் பறிச்சிக்கினு வருவே. உனக்கு செவப்பும் பச்சையும் ஒரே கொழம்பு. அப்புறம் ரயில்வேல கொடி காட்டுற வேலைக்கு வேற மனு போட்டே. நல்லவேளை கெடைக்கல. அரக்கோணம் வண்டி பாலாத்துல குளிச்சிருக்கும்.

ஆதிகேசவன்: மெதுவாப் பேசு.

ஃபக்ருதீன்: கல்யாணம் ஆயி பன்னெண்டு வருசம். தங்கச்சிக்கு இன்னுமா சொல்லல?

ஆதிகேசவன்: எப்படிச் சொல்லுவேன்? அவ சாயக்காரர் பொண்ணு. பச்சையில மட்டும் கிளிப்பச்சை, எலைப்பச்சை, பாசிப்பச்சைன்னு பத்து சொல்லுவா. ஒரு பொடவையைத் தூரத்துல பாத்து, இது எந்தப் பட்டறை சாயம்னு சொல்லுவா. அவ புருசனுக்கு அரக்குக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியலன்னா…

ஃபக்ருதீன்: சிரிக்கும்.

ஆதிகேசவன்: சிரிச்சா பரவாயில்லியே. மதிப்பு போயிடும் பாய். எனக்கு அதான் பயம். அப்புறம் அவ வாய் தவறி தேவகிகிட்ட சொன்னா, தேவகி தெருவுக்கே சொல்லும், மொதலாளி காதுக்குப் போவும். கலர் தெரியாதவன்கிட்ட நெய்யறதுக்கு எவன் பட்டுப் பாவு குடுப்பான்? ரெண்டாவது தறி போடறதுக்குத்தான் இந்த வீட்டையே புடிச்சேன். இருக்கிற தறியும் போயிடும்.

ஃபக்ருதீன்: அப்போ இத்தினி வருசம் எப்படிப்பா நெய்ஞ்சே? அரக்கு பார்டரு, பச்சை ஒடம்புன்னு கல்யாணப் பொடவையா தள்ளுறியே.

ஆதிகேசவன்: எல்லாம் எங்க மாமனார் புண்ணியம்.

ஃபக்ருதீன்: அவரு வந்து தறியில உக்காந்தாரா?

ஆதிகேசவன்: கேளு. கல்யாணம் ஆன புதுசுல ரேணுகா, தறி நாடாவுக்குள்ள போடற தார்க் குச்சியில நூலைச் சுத்திக் குடுத்தா. பச்சை நூல் தாருக்கு மட்டும் முனையில ரெண்டு முடிச்சு இருந்துச்சு. இன்னாம்மா இதுன்னு கேட்டேன். "எங்கப்பா பட்டறை வழக்கம்ங்க, பச்சைக்கு எப்பவும் ரெண்டு முடிச்சு"ன்னா. எனக்கு அன்னிக்கு பெருமாளே நேர்ல வந்தாப்பல இருந்துச்சு. அன்னிலேர்ந்து கையால தடவிப் பாப்பேன். ரெண்டு முடிச்சுன்னா பச்சை, ஒண்ணுன்னா அரக்கு. இதுவரைக்கும் ஒரு பொடவை தப்பு வந்ததில்ல.

ஃபக்ருதீன்: அதான் மாமனார் படத்துக்கு அந்த மரியாதையா?

ஆதிகேசவன்: வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கற்பூரம் காட்டுறேன். சும்மாவா?

ஃபக்ருதீன்: சரி, இப்ப மூட்டைக்கு இன்னா தகராறு? இதுலயும் தங்கச்சி அப்படித்தானே முடிச்சு போட்டிருக்கும்.

ஆதிகேசவன்: போட்டிருக்கா. அதான் எனக்குப் புரியல. மஞ்ச நூல் எனக்குத் தெரியும், அதெல்லாம் சாமி அறைக்குப் போயிடுச்சு. மீதியில கை வெச்சா எல்லாத்துலயும் ரெண்டு முடிச்சு. எல்லாம் பச்சைன்னு தறி ரூம்புல போட்டேன். எனக்கே சந்தேகம்தான், இன்னாடா, வீட்டுல சோறாக்குற சாமானே இல்லியான்னு.

ஃபக்ருதீன்: …கேசவா.

ஆதிகேசவன்: இன்னா?

ஃபக்ருதீன்: அந்த முடிச்சு… நான் போட்டது.

ஆதிகேசவன்: இன்னா சொல்றே?

ஃபக்ருதீன்: தங்கச்சி சில மூட்டைக்கு ஒத்தை முடிச்சுதான் போட்டிருந்துச்சு. பட்டு நூல் வழுக்கும். வண்டி குலுங்கினா அவுந்துடும். அதான் நானே ஒக்காந்து எல்லாத்துக்கும் அழகா ரெண்டு முடிச்சு… ஒத்தை முடிச்சு போட்ட மூட்டையை எங்கப்பா வண்டியிலயே ஏத்த மாட்டாருப்பா.

ஆதிகேசவன்: பாய்… என் பொழப்புல மண்ணை வாரிப் போட்டுட்டியே.

ஃபக்ருதீன்: பத்திரமா வரணும்னுதானே செஞ்சேன். உதவி பண்ண வந்தவனைத் திட்டுறியே.

ஆதிகேசவன்: பானை இருக்கிற சாக்கு எது? அரக்கு நூல் கட்டின சின்ன சாக்கு. அவ வர்றதுக்குள்ள காட்டு.

ஃபக்ருதீன்: சின்ன சாக்கே இங்க எட்டு இருக்குது. கீழ இருக்கிறது எனக்கும் தெரியல. இரு, ஒண்ணொண்ணா எடு. நான் பாத்துச் சொல்றேன்.

ஆதிகேசவன்: அவ வந்துட்டா எப்படிச் சொல்லுவே?

ஃபக்ருதீன்: இருமுறேன். ஒரு இருமல்னா அரக்கு. ரெண்டு இருமல்னா பச்சை.

ஆதிகேசவன்: ஒண்ணு அரக்கு, ரெண்டு பச்சை. முடிச்சு கணக்கேதான். பாய், நீ படிச்சிருந்தா கலெக்டரு.

ஃபக்ருதீன்: வருது… கொலுசு சத்தம் கேக்குது. மூட்டையைத் தூக்கு.

*

ரேணுகாம்பாள்: பாலு வந்தாச்சு. பானை எடுத்தாச்சா?

ஆதிகேசவன்: எடுத்துக்கினே இருக்கேன். இதோ… இந்த மூட்டை…

ஃபக்ருதீன்: க்கும்.

ஆதிகேசவன்: …அரக்கு. சமையக்கட்டுக்கு.

ரேணுகாம்பாள்: ஆமா, அரக்குதான். அதை இன்னாத்துக்கு ஏலம் போடறாப்பல கூவுறீங்க?

ஆதிகேசவன்: ஒழுங்கா வெக்கணும்னு சொன்னியே. இனிமே சொல்லிச் சொல்லித்தான் வெப்பேன். இது…

ஃபக்ருதீன்: க்கும். க்கும்.

ஆதிகேசவன்: பச்சை. தறி ரூம்பு. பாத்தியா? எனக்கு இன்னா கண்ணு தெரியாதா?

ரேணுகாம்பாள்: அண்ணே, இருமல் ஜாஸ்தியா இருக்குதே. சுக்கு தட்டிப் போட்டுத் தரட்டுமா?

ஃபக்ருதீன்: வேணாம் தங்கச்சி. வண்டித் தூசி. தானா சரியாப் போயிடும்.

ஆதிகேசவன்: இது?

ஃபக்ருதீன்: க்கும்.

ஆதிகேசவன்: அரக்கு. சமையக்கட்டு. இந்த டின்னு… ஐயோ, மூடி கழண்டுக்கிச்சே…

ஃபக்ருதீன்: க்கும்… க்கும்… க்கும்… ஹச்சு… க்கும்…

ஆதிகேசவன்: ஒண்ணு… ரெண்டு… மூணு… பாய், மூணுக்கு இன்னா கணக்கு?

ஃபக்ருதீன்: மொளகா… க்கும்… மொளகாத்தூள்…

ரேணுகாம்பாள்: இன்னா கணக்குங்க மூணுக்கு?

ஆதிகேசவன்: அது… வண்டி எத்தினி நடை போச்சுன்னு கேட்டேன். இந்தச் சாக்கு… இது…

ஃபக்ருதீன்: க்கும்.

ஆதிகேசவன்: சமையக்கட்டு.

ஃபக்ருதீன்: க்கும்.

ஆதிகேசவன்: ஓ, தறி ரூம்பு.

ஃபக்ருதீன்: க்கும்… ஹச்சு.

ஆதிகேசவன்: பாய், தீர்மானமா ஒண்ணு சொல்லுப்பா.

ரேணுகாம்பாள்: ஏங்க, அந்தச் சாக்கை சமையக்கட்டுக்கும் தறி ரூம்புக்கும் நாலு தடவை தூக்கிக்கினு போயிட்டீங்க. வரதராஜப் பெருமாள் கூட பிரம்மோற்சவத்துல இத்தினி பொறப்பாடு போகமாட்டாரு.

ஆதிகேசவன்: எடை பாக்குறேன்.

ரேணுகாம்பாள்: குடுங்க இப்படி. ஆமா… இந்த முடிச்சு நான் போட்டதில்லியே. யாரு போட்டது?

ஃபக்ருதீன்: நான்தான் தங்கச்சி. ஒத்தை முடிச்சு வண்டிக்கு ஆவாதுன்னு… எல்லாத்துக்கும் ரெண்டா போட்டேன்.

ரேணுகாம்பாள்: எல்லாத்துக்குமா?

ஃபக்ருதீன்: ஒண்ணு வுடல. சத்தியமா.

ரேணுகாம்பாள்: …அப்படியா. சரி.

ஃபக்ருதீன்: தப்பா தங்கச்சி?

ரேணுகாம்பாள்: தப்பில்லண்ணே. நல்ல மனசோட செஞ்சது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. தறி மரமெல்லாம் பழைய வீட்டு வாசல்ல சாத்தி வெச்சிருக்குது. கடைசி நடை. போயி எடுத்துக்கினு வந்துடுங்க. மூக்கை மட்டும் கழுவிட்டுப் போங்க.

ஆதிகேசவன்: பாய் போறானா? பாய், இரு, நானும் வரேன்.

ரேணுகாம்பாள்: நீங்க இருங்க. பால் பொங்குறப்போ புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் இருக்கணும்.

ஃபக்ருதீன்: கேசவா, நான் போனா… இருமலு…

ரேணுகாம்பாள்: உங்க இருமல் வழியிலயே சரியாயிடும். போயிட்டு வாங்கண்ணே.

*

ஆதிகேசவன்: மணி இன்னா?

ரேணுகாம்பாள்: பன்னெண்டுக்கு சங்கு ஊதும், இன்னும் ஊதல. நான் அடுப்பு பத்த வெக்கிறேன். நீங்க பானையை எடுங்க.

ஆதிகேசவன்: எடுக்குறேன்… ரேணுகா, இந்த ரூம்பு கொஞ்சம் இருட்டா இல்ல?

ரேணுகாம்பாள்: ஜன்னல் தெறந்துதான் இருக்குது.

ஆதிகேசவன்: கண்ணுல மொளகாத்தூள் வேற வுழுந்துடுச்சு. ஒண்ணும் தெரியல. நீயே வந்து…

ரேணுகாம்பாள்: ஜன்னல் ஓரமா இருக்கிற மூட்டையில மேலேர்ந்து ரெண்டாவது. ஜரிகைப் பொட்டி பக்கத்துல.

ஆதிகேசவன்: இதுவா?

ரேணுகாம்பாள்: அதுதான். அவுருங்க.

ஆதிகேசவன்: …பானை. வெங்கலப் பானை. வந்துடுச்சு.

ரேணுகாம்பாள்: கொண்டாங்க. கழுவி மஞ்சள் தடவிடறேன். ம்ம்… பால் ஊத்தியாச்சு. நீங்க இப்படி உக்காந்து ஊதுங்க. பொகையுது பாருங்க.

ஆதிகேசவன்: ரேணுகா… ஒரு விசயம் சொல்லணும்.

ரேணுகாம்பாள்: பால் பொங்கட்டும்.

ஆதிகேசவன்: இல்ல. இப்பவே சொல்லிடறேன். புது வீட்டுக்குள்ள பொய்யையும் ஒரு மூட்டையாக் கட்டிக்கினு வந்துட்டேன். அதுக்கு எந்த ரூம்புன்னு எனக்குத் தெரியல.

ரேணுகாம்பாள்: ஊதிக்கினே சொல்லுங்க.

ஆதிகேசவன்: எனக்கு… அரக்கும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேர்ந்து. பன்னெண்டு வருசமா உங்கிட்ட மறைச்சிட்டேன். நீ சாயக்காரர் பொண்ணு. தெரிஞ்சா என்னை மதிக்க மாட்டேன்னு… பயம். தெனம் பயம். ஒவ்வொரு பொடவையும் அறுத்து மொதலாளி கையில குடுக்கிறப்போ எந்தக் கலரு தப்போன்னு அவரு மொகத்தையே பாத்துக்கினு நிப்பேன்.

ரேணுகாம்பாள்: ம்ம்.

ஆதிகேசவன்: இன்னா "ம்ம்"? நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?

ரேணுகாம்பாள்: வுழுந்துச்சு. ஊதுங்க, அணையப் போகுது.

ஆதிகேசவன்: உனக்குக் கோவம் வரலியா?

ரேணுகாம்பாள்: தெரிஞ்ச விசயத்துக்கு இன்னாத்துக்குங்க கோவம்?

ஆதிகேசவன்: தெரிஞ்ச… யாரு சொன்னா? பாயா?

ரேணுகாம்பாள்: பாவம் அந்த மனுசன். நெஞ்சு வலிக்க வலிக்க இருமினாரு. ஒண்ணு அரக்கு, ரெண்டு பச்சை. மொதல் ரெண்டு இருமல்லயே புரிஞ்சிடுச்சு.

ஆதிகேசவன்: அப்போ இன்னிக்குத்தான் தெரியுமா?

ரேணுகாம்பாள்: கொல்லையில பச்சை மொளகா பறிச்சிக்கினு வாங்கன்னா பாதி பழமாக் கொண்டாருவீங்க. தக்காளி வாங்கினா பாதி காயா இருக்கும். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அவனோட சண்டைக்குப் போவீங்க. எத்தினி வருசம் பாத்துக்கினு இருக்கேன்.

ஆதிகேசவன்: அடிப்பாவி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ரேணுகாம்பாள்: நீங்க மறைக்கணும்னு இவ்ளோ கஷ்டப்படறப்போ நான் கேட்டு அத்தக் கெடுப்பேனா?

ஆதிகேசவன்: மொதலாளிக்குத் தெரிஞ்சா?

ரேணுகாம்பாள்: எப்படித் தெரியும்? நீங்க நெய்ஞ்ச பொடவை ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?

ஆதிகேசவன்: வரல. ஆனா அது என் சாமர்த்தியம் இல்ல ரேணுகா. உங்கப்பா பட்டறை வழக்கம். பச்சைக்கு ரெண்டு முடிச்சு. அந்த மனுசன் எனக்குன்னே வழக்கம் வெச்சாப்பல வெச்சாரு. இன்னிக்கு பாய் எல்லாத்துலயும் ரெண்டு போட்டு என் குடியைக் கெடுத்துட்டான். அதோ பாரு, படத்துல சிரிக்கிறாரு. என்னை வாழ வெச்ச தெய்வம்.

ரேணுகாம்பாள்: ஏங்க…

ஆதிகேசவன்: இன்னா?

ரேணுகாம்பாள்: எங்கப்பா பட்டறையில அப்படி ஒரு வழக்கமே கெடையாதுங்க.

ஆதிகேசவன்: இன்னாது?

ரேணுகாம்பாள்: பட்டு நூல்ல தேவையில்லாம முடிச்சு போட்டா எங்கப்பா கைய ஒடிப்பாரு.

ஆதிகேசவன்: அப்போ அந்த முடிச்சு…

ரேணுகாம்பாள்: நான் போட்டது. கல்யாணம் ஆகி மொத வாரம், நீங்க நாடாவைக் கையில வெச்சிக்கினு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தீங்க. வேர்த்துக் கொட்டுச்சு உங்களுக்கு. பாக்கவே மனசு கேக்கல. மறுநாள் தார் சுத்துறப்போ பச்சைக்கு ரெண்டு முடிச்சு போட்டேன். நீங்க கேட்டீங்க, அப்பா தலையில போட்டுட்டேன்.

ஆதிகேசவன்: பன்னெண்டு வருசமா… நான் அவருக்கு கற்பூரம் காட்டிக்கினு இருக்கேன்டி.

ரேணுகாம்பாள்: காட்டுங்க, இன்னா கொறைஞ்சி போச்சு? எனக்குத்தான் வெள்ளிக்கெழமை சிரிப்பை அடக்க முடியாம கொல்லைப்பக்கம் போவேன்.

ஆதிகேசவன்: மோதிரம் கூடப் போடல அந்த மனுசன்.

ரேணுகாம்பாள்: அதைத்தானே காலையிலேர்ந்து சொல்றேன். தாலியில மூணு முடிச்சு நீங்க போட்டீங்க. தாருல ரெண்டு முடிச்சு நான் போட்டேன். நடுவுல எங்கப்பா எங்க வந்தாரு?

ஆதிகேசவன்: ரேணுகா… நான் உன்னை ஏமாத்தினேன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்.

ரேணுகாம்பாள்: அழாதீங்க. பொகைன்னு சொல்லிடலாம்னு பாக்குறீங்களா?

ஆதிகேசவன்: பொகைதான்.

ரேணுகாம்பாள்: சரி, பொகைதான். அதோ… பாருங்க, பாருங்க… நொரை கட்டுது… ஏறுது…

ஆதிகேசவன்: பொங்கிடுச்சு. கெழக்கால வழியுது. நல்ல சகுனம்.

ரேணுகாம்பாள்: சங்கும் ஊதுது. சரியா வந்துட்டோம், பெருமாளே.

ஆதிகேசவன்: ஆனா ஒண்ணு கேக்கணும். மொத வாரமே முடிச்சு போட்டேங்குறே. வந்த ஒரு வாரத்துல எப்படிக் கண்டுபுடிச்சே?

ரேணுகாம்பாள்: மொத வாரத்துல கண்டுபுடிக்கல. அதுக்கு முன்னாடியே தெரியும்.

ஆதிகேசவன்: முன்னாடியா? எப்போ?

ரேணுகாம்பாள்: பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கு. காபியைக் கையில வாங்கிக்கினு உங்க அக்காகிட்ட சொன்னீங்க, "அரக்குப் பொடவை பொண்ணுக்கு எடுப்பா இருக்குது"ன்னு. நான் கட்டியிருந்தது கிளிப்பச்சை. எங்கப்பா கையால போட்ட சாயம்.

ஆதிகேசவன்: ஐயோ. அதான் அக்கா தொடையில கிள்ளுச்சா?

ரேணுகாம்பாள்: கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். எல்லாரும் தமாஷுன்னு நெனைச்சாங்க. எனக்கு உங்க மொகத்தைப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு.

ஆதிகேசவன்: பட்டு நெய்யுறவன். அரக்கு தெரியல, பச்சை தெரியல. தெரிஞ்சே எதுக்குடி கழுத்தை நீட்டினே?

ரேணுகாம்பாள்: உங்களுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க. எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது. பொண்ணு கறுப்பு, சாயக்காரர் வீட்டுல தொட்டியில தவறி வுழுந்துட்டா போலன்னு சிரிச்சிட்டு எழுந்து போனாங்க. அஞ்சாவதா ஒருத்தர் வந்து, கலரே தெரியாம என்னைப் பாத்து எடுப்பா இருக்குதுன்னாரு… விடுவேனா?